எஃப்சிங்க்கை அணைப்பதற்கு முன்னால்

இரவு 9 மணிக்குத் தொடங்கும் வேலை காலை 6 மணி தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டது ஓர் அறிக்கை டேட்டாபேஸ். பல இடங்களிலிருந்து வரும் கோப்புகளை இரவில் வாங்கி, பழையதை அழித்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் புதிதாக ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 லட்சம் வரிகள். காலையில் அலுவலகம் வருபவர்கள் அறிக்கையைத் திறக்கும்போது பாதி டேபிள்கள் காலியாக இருக்கும். தினமும் யாராவது ஒருவர் வந்து கேட்பார், நானும் இன்னும் ஓடுகிறது என்று பதில் சொல்வேன்.

எங்கள் குழுவின் மூத்தவர் ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, "எஃப்சிங்க்கை ஆஃப் பண்ணிடும்மா, பறக்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான், பறக்கும். ஆனால் எதை அணைக்கிறோம் என்று தெரியாமல் அணைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நேரம் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

கமிட், அதாவது இந்த மாற்றத்தை நிலையாக்கு, என்று சொன்னதும் டேட்டாபேஸ் என்ன செய்கிறது? மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. போஸ்ட்கிரெஸில் அதன் பெயர் வால் (WAL). எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போய்விடாது. இயங்குதளம் வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், பிறகு தனக்குத் தோதான நேரத்தில் டிஸ்க்கில் இறக்கும். "அப்புறம் இல்லை, இப்போதே இறக்கு, இறக்கி முடித்தபின் சொல்" என்று கேட்பதுதான் எஃப்சிங்க். அந்தப் பதில் வரும்வரை கமிட் காத்திருக்கும். மின்சாரம் போனாலும் "கமிட் ஆயிற்று" என்ற சொல் பொய்க்காமல் இருப்பதற்கு இந்தக் காத்திருப்புதான் விலை.

எங்களுடையது அப்போது சுழலும் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. பதிவேட்டின் கடைசிப் பகுதியை எழுதவேண்டிய இடம் மறுபடி முள்ளின் கீழே வர ஒரு சுற்று ஆகும், சுமார் 8.3 மில்லிவிநாடி. ஆக ஒரே இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்தால் விநாடிக்கு 120-ஐத் தாண்டுவது கடினம். எங்கள் ஏற்றும் நிரலோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு கமிட் போட்டுக்கொண்டிருந்தது. 40 லட்சத்தை 120 ஆல் வகுத்தேன். 33,333 விநாடி, ஒன்பதே கால் மணி நேரம். எங்கள் இரவின் நீளம் அப்படியே அந்த விடையில் இருந்தது. எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸின் ஆவணத்திலும் இதே கணக்கு உண்டு: சாதாரண மேசைக் கணினியில் விநாடிக்கு 50,000 இன்சர்ட் (ஒரு வரியைச் சேர்க்கும் கட்டளை) போகலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட் போட்டுத் தனித்தனி டிரான்சாக்‌ஷனாகப் போட்டால் சில டஜன்தான் போகும் என்று விளக்கியிருப்பார்கள்.

அதனால் எஃப்சிங்க்கைத் தொடவே இல்லை. 5,000 வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றினேன். 40 லட்சம் கமிட் 800 ஆனது. அடுத்த வாரம் இன்சர்ட்டையும் தூக்கிவிட்டு, வரிகளை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளைக்கு வந்தோம். வரிகளை விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ்களை முதலில் நீக்கிவிட்டு, வரிகள் எல்லாம் ஏறியபின் ஒரேயடியாகக் கட்டினோம். இன்டெக்ஸ் கட்டும்போது பயன்படும் மெயின்டனன்ஸ் வொர்க் மெம் என்ற நினைவக அளவு இயல்பாக 64 எம்பிதான் இருக்கும். அந்த ஒரு செஷனுக்கு மட்டும் 2 ஜிபி கொடுத்தோம். கடைசியில், டேபிள்களின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ஓர் அனலைஸ். ஒன்பது மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது, பாதுகாப்பில் ஒரு துளிகூடக் குறையாமல். இன்றைக்கும் யாராவது "எஃப்சிங்க்கை அணைக்கலாமா" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வரிக்கு ஒரு கமிட்?" என்பதுதான். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்களுக்குத் தீரவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் தரவு பல மடங்கு பெருகியது. ஏற்றுவதோடு நிற்காமல், ஏற்றிய வரிகளை மறுபடி மறுபடி அப்டேட் செய்யும் படிகளும் சேர்ந்தன. லாக் கோப்பில், செக்பாயின்ட் அடிக்கடி நடக்கிறது, மேக்ஸ் வால் சைஸை உயர்த்துங்கள் என்று போஸ்ட்கிரெஸே எழுதிக்கொண்டிருந்தது. மாறிய தரவுப் பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் இறக்கிவிட்டு, இதுவரை பத்திரம் என்று குறித்துக்கொள்வதுதான் செக்பாயின்ட். அப்போதுதான் ஒவ்வொரு அமைப்பையும், அதை அணைத்தால் எதை இழப்போம் என்ற கேள்வியோடு உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் முதலில் பிடிபட்டது, இந்த அமைப்புகள் எல்லாம் ஒரே வகை ஆபத்து இல்லை என்பது. இணையத்தில் கிடைக்கும் "வேகத்துக்கான பட்டியல்"களில் இவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு செக்பாயின்ட்டுக்கு நடுவே எவ்வளவு வால் சேரலாம், எவ்வளவு நேரம் போகலாம் என்று சொல்லும் மேக்ஸ் வால் சைஸ், செக்பாயின்ட் டைம்அவுட் இரண்டையும் உயர்த்துவதில் தரவுக்கு ஆபத்தே இல்லை. இயல்பு 1 ஜிபி, 5 நிமிடம். கூட்டினால் டிஸ்க்கில் அதிக இடம் பிடிக்கும், கிராஷுக்குப் பின் எழுந்து வர அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எங்கள் அப்டேட் படிகளுக்குப் பெரிய விடுதலை இதில்தான் கிடைத்தது. ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது போஸ்ட்கிரெஸ் அந்த 8 கேபி பக்கம் முழுவதையும் வாலில் எழுதும். செக்பாயின்ட் அடிக்கடி வந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப முழுசாக எழுத நேரும்.

சிங்க்ரனஸ் கமிட்டை அணைப்பது அடுத்த படி. கமிட் என்றதும் டிஸ்க்குக்குக் காத்திராமல் "ஆயிற்று" என்று சொல்லிவிடும். பின்னணியில் ஓடும் வால் ரைட்டர் சற்று நேரத்தில் இறக்கிவைக்கும். கிராஷ் ஆனால் கடைசியாக நடந்த சில கமிட்டுகள் போகலாம். எவ்வளவு என்றால், வால் ரைட்டர் டிலே என்ற அமைப்பின் மூன்று மடங்கு நேரம் வரை. இயல்பு 200 மில்லிவிநாடி, ஆகவே சுமார் 600 மில்லிவிநாடி. இங்கே முக்கியமானது, டேட்டாபேஸ் கெடாது. கொஞ்சம் முந்தைய நிலைக்குப் போகும், ஆனால் ஒழுங்கான நிலைக்குப் போகும். இதை ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும்கூட அணைக்கலாம். ஒரே சர்வரில் பணம் சம்பந்தப்பட்ட கமிட் காத்திருக்கட்டும், பார்வை எண்ணிக்கையைக் கூட்டும் கமிட் காத்திராமல் போகட்டும் என்று பிரித்துவிடலாம். இவ்வளவு அருமையான வசதியைப் பலர் கண்டுகொள்ளாமல் நேராக எஃப்சிங்க்குக்குப் போய்விடுவது எனக்கு இன்றும் வருத்தம்.

அன்லாக்டு டேபிள் இன்னொரு வகை. 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்த டேபிளுக்கு வால் எழுதப்படாது, அதனால் வேகம். ஆனால் கிராஷுக்குப் பின் அது முழுசாகக் காலியாகிவிடும். நகல் வைத்திருக்கும் துணைச் சர்வருக்கும் அதன் தரவு போகாது. இழப்பு பெரியதுதான், ஆனால் எது போகும் என்பதில் மயக்கமே இல்லை. அந்த டேபிள் மட்டும் போகும், மற்றவை அப்படியே நிற்கும். இடைநிலைக் கணக்குகளுக்கு நான் இதைத் தயங்காமல் வைப்பேன்.

எஃப்சிங்க்கை அணைப்பது இவை எதனுடனும் சேராது. வாலின் அடிப்படை விதியே, பதிவேடு முதலில் டிஸ்க்கை அடைய வேண்டும், தரவுப் பக்கம் பிறகுதான் என்பது. எஃப்சிங்க் இல்லையென்றால் அந்த வரிசையைக் காக்க ஆளில்லை. இயங்குதளம் தனக்கு வசதியான ஒழுங்கில் எழுதும். செக்பாயின்ட் முடிந்தது என்று பதிவு இருக்கும், பக்கங்கள் டிஸ்க்கில் இருக்காது. கணினி திடீரென்று விழுந்தால் கடைசி அரை விநாடி மட்டும் போகாது, எதை நம்புவது என்றே தெரியாத நிலை வரும். முழுப் பக்கத்தையும் வாலில் எழுதுவதாக முன்னே சொன்னேனே, அந்த ஃபுல் பேஜ் ரைட்ஸை அணைப்பதும் இதே வகைதான். 8 கேபி பக்கத்தில் பாதி புதிதாகவும் பாதி பழையதாகவும் நின்றுபோனால் சீர்செய்ய வேறு பிரதி கிடையாது. எஃப்சிங்க்கை அணைத்தவர்கள் இதையும் சேர்த்து அணைப்பதில் பொருள் உண்டு. எஃப்சிங்க்கை வைத்துக்கொண்டு இதை மட்டும் அணைப்பது, பாதிப் பக்கம் எழுதவே விடாத இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறை இருந்தால் ஒழிய, நான் செய்யமாட்டேன்.

எல்லாம் படித்தபின், எங்கள் அறிக்கை சர்வரில் எஃப்சிங்க், ஃபுல் பேஜ் ரைட்ஸ், சிங்க்ரனஸ் கமிட் மூன்றையும் அணைத்தேன். மூலக் கோப்புகள் இருக்கின்றன, மறுபடி கட்டிவிடலாம் என்ற தெளிவோடுதான் செய்தேன். வாலில் எவ்வளவு விவரம் எழுதுவது என்று சொல்லும் வால் லெவலை மினிமலுக்கு இறக்கினோம், துணைச் சர்வர் இல்லாததால். பேக்கப்பையும் நிறுத்தினோம். கோப்பிலிருந்து மீட்டெடுக்கக்கூடியதற்கு எதற்குத் தினமும் பேக்கப்? அந்த முடிவில் அன்று எனக்குப் பிழை தெரியவில்லை, யோசித்துத்தான் எடுத்தேன்.

சோதனையும் செய்தோம். ஏற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போஸ்ட்கிரெஸ் செயல்முறைகளைக் கில் மைனஸ் ஒன்பது (உடனடியாகக் கொல்லும் கட்டளை) போட்டுக் கொன்று பார்த்தோம், ஐந்தாறு முறை. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுந்து வந்தது. "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று எல்லோருக்கும் காட்டினேன். அந்தச் சோதனைக்கு அர்த்தமே கிடையாது என்று பின்னால்தான் உறைத்தது. செயல்முறை செத்தாலும் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. எழுதியதெல்லாம் அதன் நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது. எஃப்சிங்க் காப்பது இயங்குதளமோ மின்சாரமோ போகும்போதுதான். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் மின்இணைப்பையே பிடுங்க வேண்டும், அல்லது மெய்நிகர்க் கணினியைக் கொடூரமாக நிறுத்த வேண்டும். நாங்கள் அதைச் செய்யவில்லை.

சுமார் ஒன்றரை வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. அதற்குள் நான் கவனிக்காத ஒன்று நடந்திருந்தது. அறிக்கையில் வரும் பெயர்களில் பிழை நிறைய இருந்ததால், திருத்தங்களைக் கையால் போட ஒரு சின்னத் திரை செய்திருந்தார்கள். ஒரே பொருளுக்கு நான்கு விதமாகப் பெயர் இருந்தால், எது சரி என்று ஓர் ஆள் உட்கார்ந்து முடிவு செய்து பதிய வேண்டும். அந்தத் திருத்த டேபிளை எங்கே வைத்தார்கள்? அறிக்கையோடு சேர்த்துப் படிக்க வசதியாக இருக்கும் என்று எங்கள் சர்வரிலேயே வைத்தார்கள். அனுமதி இருந்தது, இடமும் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வழியும் இல்லை. சர்வரின் பெயரில் அறிக்கை என்றுதான் இருந்தது. இது அழியக்கூடியது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பிறகு ஒரு பிற்பகலில் கணினி மொத்தமாக அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் போஸ்ட்கிரெஸ் தானாக எழுந்தது. லாக்கைப் பார்த்தேன், மீட்பு முடிந்தது, இணைப்புகளை ஏற்கத் தயார் என்று இருந்தது. இரவு வழக்கம்போல ஏற்றம் ஓடியது. மறுநாள் காலை திருத்தம் போடும் தோழி வந்து நின்றாள்.

"அக்கா, நான் போட்ட திருத்தம் சிலது வரலை. தேடினா இல்லைங்குது."

அவள் கொடுத்த எண்ணை வைத்துத் தேடினேன், வரி இல்லை. சரி, கடைசி நேரத்தில் போட்டது போயிருக்கும் என்று நினைத்தேன். அவள் விடவில்லை, "இது போன வாரம் போட்டதுக்கா" என்றாள். எந்த நிபந்தனையும் கொடுக்காமல் டேபிள் முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த வரி அங்கே இருந்தது. எண்ணைக் கொடுத்துக் கேட்டால் இல்லை என்கிறது, எல்லாவற்றையும் காட்டு என்றால் காட்டுகிறது. இன்டெக்ஸ் ஒன்று சொல்கிறது, டேபிள் இன்னொன்று சொல்கிறது. வயிற்றைக் கலக்கியது. இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் ரீஇன்டெக்ஸ் கொடுத்தேன். வரிக்கு வரி வேறாக இருக்கவேண்டிய முதன்மைச் சாவி ஒன்றே இரண்டு வரிகளில் இருக்கிறது, கட்டமுடியாது என்று நின்றுவிட்டது. இருக்கவே முடியாத இரட்டை வரிகள். சிலவற்றில் பழைய திருத்தமும் புதுத் திருத்தமும் இரண்டுமே உயிரோடு இருந்தன.

டேட்டாபேஸ் எழாமலே போயிருந்தால் எவ்வளவோ தேவலை. எழுந்து, இரவு முழுக்கக் கெட்ட திருத்தங்களை வைத்துக் கணக்குப் போட்டு, காலை அறிக்கையையும் அனுப்பிவிட்டிருந்தது.

"பேக்கப் இருக்கும்ல அக்கா?" என்று அவள் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் நான் எடுத்த முடிவுதான் அவள் முன்னால் நின்றது. அவள் வாராவாரம் தன் மேலாளருக்கு அனுப்பிய விரிதாள்களிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். மூன்று வார வேலை எதிலும் இல்லை. அதை அவள் மறுபடி உட்கார்ந்து போட்டாள், நானும் கூட உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு திருத்தத்துக்குப் பின்னால் எத்தனை யோசனை இருக்கிறது என்று தெரிந்தது. என் சர்வருக்கு அது சில நூறு பைட்டுகள்.

அதன்பின் நாங்கள் மாற்றியவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

எஃப்சிங்க் என்பது போஸ்ட்கிரெஸில் சர்வர் முழுவதற்குமான அமைப்பு. ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும், ஒரு டேபிளுக்கு மட்டும் என்று அணைக்க முடியாது. ஆகவே காக்கவேண்டிய ஒரே ஒரு டேபிள் இருந்தாலும் அது வேறு சர்வரில் இருக்கவேண்டும். தனித் தரவு அடைவு, தனிப் போர்ட். அழியக்கூடிய சர்வரின் பெயரிலேயே "அழியும்" என்ற சொல்லைச் சேர்த்தோம். இணைக்கும்போது தட்டச்சு செய்பவர் கண்ணில் அது படும். டேபிள் உருவாக்கும் அனுமதியை ஏற்றும் நிரலின் பயனருக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டோம். எச்சரிக்கை மின்னஞ்சல் பத்து அனுப்புவதைவிட இது வேலை செய்தது. இரண்டு மாதத்தில் ஒருவர் டேபிள் வைக்க வந்து, அனுமதி இல்லை என்று பார்த்து, எங்களிடம் வந்து கேட்டார்.

கிராஷ் ஆன அழியும் சர்வரைத் தானாக எழவிடுவதே இல்லை. முறையாக நிறுத்தும்போது எங்கள் ஸ்கிரிப்ட் ஓர் அடையாளக் கோப்பை வைக்கும், தொடங்கும்போது அதை எடுத்துவிடும். தொடங்கும் நேரத்தில் அந்தக் கோப்பு இல்லையென்றால் ஒழுங்காக நிற்கவில்லை என்று பொருள். உடனே தரவு அடைவை முழுதும் அழித்துவிட்டு மூலக் கோப்பிலிருந்து கட்டத் தொடங்கும். பழுது பார்ப்பது, பிஜி ரீசெட்வால் போட்டு எழுப்பிப் பார்ப்பது எதுவும் கிடையாது. அந்தக் கருவி சர்வரை எழுப்பிவிடும், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் தராது.

ஏற்றும்போது மட்டும் அணைத்துவிட்டு, பிறகு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அமைப்பை ஆன் என்று மாற்றினால் மட்டும் போதாது. அதற்கு முன் எழுதியவை இன்னும் இயங்குதளத்தின் நினைவகத்திலேயே இருக்கலாம். சர்வரை நிறுத்தி, போஸ்ட்கிரெஸின் இனிட்டிபி (initdb) என்ற கருவியை சிங்க் ஒன்லி என்ற விருப்பத்தோடு ஓட்டி, எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கியபின்தான் நம்பலாம்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிநிலைகள் உண்டு. இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்ற அமைப்பு இயல்பாக 1, அதாவது ஒவ்வொரு கமிட்டிலும் டிஸ்க்கில் இறக்கும். அதை 2 என்று வைத்தால் கமிட்டில் எழுதும், டிஸ்க்கில் இறக்குவது விநாடிக்கு ஒருமுறை. மைஎஸ்கியூஎல் மட்டும் விழுந்தால் இழப்பில்லை, கணினியே விழுந்தால் ஒரு விநாடி அளவுக்குப் போகலாம். 0 என்றால் எழுதுவதும் விநாடிக்கு ஒருமுறைதான், ஆகவே மைஎஸ்கியூஎல் விழுந்தாலே இழப்பு. 8.0.21 பதிப்பிலிருந்து வாலுக்கு நிகரான ரீடூ லாக்கையே முழுதாக அணைக்கும் கட்டளை வந்திருக்கிறது. புது சர்வரில் முதல் ஏற்றத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அணைத்திருக்கும்போது சர்வர் விழுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

தானியங்கிச் சோதனைகளுக்கு எழுப்பும் டேட்டாபேஸில் நான் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன், தரவு அடைவையே நினைவகத்தில் வைத்துவிடுவேன். அது பத்து நிமிடம் வாழ்ந்து மறையும் பொருள். ஆனால் ஓர் எச்சரிக்கை: உயிருள்ள சர்வரின் ஒரு டேபிள்ஸ்பேஸை (டேபிள்களை வைக்கும் தனி அடைவை) மட்டும் நினைவகத்தில் அமைத்த ராம் டிஸ்க்கில் வைக்காதீர்கள். அது காணாமல் போனால் சர்வர் முழுவதுமே எழாமல் போகலாம்.

இன்னொன்று, டிஸ்க். மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டிக்கு அடுத்த வருடம் மாறினோம். மாறுவதற்கு முன்னும் பின்னும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற சிறு கருவியை ஓட்டினேன், அது போஸ்ட்கிரெஸோடே வருகிறது. புது டிஸ்க்கில் எஃப்சிங்க் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததால், அணைத்துப் பெற்ற லாபம் எங்கள் ஏற்றத்தில் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. அறிக்கை சர்வரில் எஃப்சிங்க்கை மறுபடி போட்டுவிட்டேன். இடைநிலைக் கணக்குகள் மட்டும் அழியும் சர்வரில் தொடர்கின்றன.

அந்த அழியும் சர்வரை மாதம் ஒருமுறை, நல்ல நிலையில் இருக்கும்போதே அழித்துவிட்டு, மூலக் கோப்பிலிருந்து கட்டிப் பார்க்கிறோம். ஆன நேரத்தைக் குறித்து வைக்கிறோம். போன மாதம் 41 நிமிடம், இந்த மாதம் 58. நடுவில் யாரோ சேர்த்த ஓர் இன்டெக்ஸ் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், நாளை அதைத்தான் பார்க்கவேண்டும்.